வேடிக்கை பார்த்தே அடைத்த ஏரிக்கரை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டால் சொல்லத் தெரியாத ஒரு நாட்டில், ராஜாவுக்கு விடியற்காலையில் ஒரு கனவு வந்தது. ஊர்ப் பெரிய ஏரியில் அவர் தெப்பத்தில் போகிறாராம், கரையெல்லாம் விளக்காம். எழுந்து முகம் கழுவியதும் சபையைக் கூட்டி, வருகிற தைப்பூசத்துக்கு அந்த ஏரியில் தெப்பம் விட்டாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஏரியில் தண்ணீர் இல்லை என்பதுதான் சங்கடம். மூன்று வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் கரை இரண்டு வண்டி ஒருசேரப் போகிற அகலத்துக்கு உடைந்துபோயிற்று. பெய்கிற மழையெல்லாம் அந்த உடைப்பு வழியாகவே ஓடிவிடும். கீழே உள்ள வயல்காரர்கள் விதைத்தே மூன்று வருஷம். மகாமந்திரி வில்வராயரோ அடைக்கும் திட்டத்தை ஓலையில் எழுதுவதும் அடிப்பதுமாக, இன்னும் ஆயத்தம் போதாது என்று சொல்லி வந்தார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். அரசர் ஒரு காரியம் சொன்னால் வெற்றிலைத் தட்டு சபையைச் சுற்றி வரும். எடுத்தவர் அந்தக் காரியத்தை ஏற்றவர். திருப்பி வைக்க முடியாது. அன்றும் தட்டு சுற்றியது. சேனாதிபதி கூரையைப் பார்த்தார். வில்வராயர் கனைத்துக்கொண்டு, அடுத்த ஆனிக்குள் ஆயத்தமாகிவிடலாம் என்றார். கடைசியில் விதூஷகன் அம்பலக்கூத்தன் வெற்றிலையை எடுத்து, மடித்து, வாயில் போட்டுக்கொண்டான்.

"கூத்தா, உனக்குக் கரை கட்டத் தெரியுமா?" என்றார் ராஜா.

"தெரியாது, மகாராஜா. தெரிந்தவர்கள் மூன்று வருஷமாக யோசிக்கிறார்கள். தெரியாதவன் நாளைக் காலையில் ஆரம்பிக்கிறேன்."

சபை சிரித்தது. வில்வராயர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று நிபந்தனை கேட்டார். ஐப்பசி மழைக்குக் கரை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கூத்தன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும். அதுவரை ஒருவரும் அவனுக்கு வேலை செய்யக் கூடாது. வேடிக்கையில் பிரியமுள்ள ராஜா ஆணையில் முத்திரை வைத்துவிட்டார். மழைக்கு நாற்பது நாள் இருந்தது.

விஷயத்தைக் கேட்ட மனைவி செங்கமலம் அடுப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"மம்பட்டியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னாவது தெரியுமா உங்களுக்கு? பாத்திரத்தை எல்லாம் இப்பவே மூட்டை கட்டிடவா?"

"கட்டாதே. அந்தக் கூடையை மட்டும் கொடு."

மறுநாள் தனியாக மண் வெட்டிக் கொட்டினான். வெறும் மணல். கொட்டக் கொட்டச் சரிந்தது. கூடவே அவனும் சரிந்தான். வழியில் போன மாசிலான் என்ற வயல்காரர் வண்டியை நிறுத்திச் சிரித்தார்.

"யோவ் கூத்தா, மணலக் கொட்டிக் கரை கட்டுறவன இப்பத்தான்யா பாக்குறேன். ஏரிக்குள்ள களிமண்ணு கெடக்குதுல்ல?"

சொல்லிவிட்டும் அவர் போகவில்லை. அடுத்து இவன் எப்படி விழுவான் என்று நின்று பார்த்தார். சிரிக்க வருகிறவன் சொல்லிக்கொடுக்காமல் போகமாட்டான் என்று கூத்தனுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

அன்று சாயங்காலம் ஒரு பறையை வாங்கித் தானே தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். அரண்மனை விதூஷகன் நாளை முதல் ஏரிக்குள் விழுந்து எழுவதைக் காணலாம். நன்றாகத் தெரிகிற இடம் உடைப்பு வாய் ஒன்றுதான். அங்கே பள்ளம், ஆகையால் அவரவர் நிற்க அவரவர் ஒரு கூடை களிமண் கொண்டு வரவும் என்று சொன்னான்.

முதல் நாள் பத்துப் பேர் வந்தார்கள். நாலாம் நாள் ஊரே வந்தது. பின்னால் வந்தவர்களுக்குக் கூத்தன் விழுவது தெரியவில்லை. அவர்கள், முன்னால் வந்தவர்கள் கொட்டியதன் மேலேயே கொட்டி ஏறி நின்றார்கள். சிரித்துச் சிரித்துக் காலை உதைத்ததில் மண் இறுகியது. ஈரம் போதாது என்று ஒருவர் கேலி செய்ய, கூத்தன் குடத்தோடு வந்து அங்கேயே வழுக்கி விழுந்தான். சரிவு வைக்காத கரை எங்கேயடா நிற்கும் என்று இன்னொருவர் ஏச, மறுநாள் சரிவு வைத்தான். இருபதாம் நாளில் மம்பட்டி அவனுக்குப் பழகிவிட்டது. விழுவதற்குத்தான் சிரமப்பட வேண்டியிருந்தது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் தூறலில் ராஜா குடையோடு வந்து பார்த்தார். ஏரி நிறைந்து தளும்பியது. கரை அசையவில்லை.

வில்வராயர் முன்னே வந்தார். "ஆணை மீறப்பட்டது, மகாராஜா. ஊரே இவனுக்கு வேலை செய்தது. என் கண்ணால் பார்த்தேன்."

"மகாமந்திரி எத்தனை நாள் வந்தீர்கள்?" என்று கேட்டான் கூத்தன்.

"ஒரு நாளும் தவறவில்லை."

"கையில் கூடை இருந்ததா?"

"நிற்க மண் வேண்டாமா?"

"அப்படியானால் நீங்களும் எனக்கு வேலை செய்தீர்கள்."

"உனக்கா? நானா? நான் வேடிக்கை பார்க்க வந்தேன்."

கூத்தன் ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினான். "ஊரும் அதற்குத்தான் வந்தது, மகாராஜா."

ராஜா சிரித்த சிரிப்பில் குடைபிடிப்பவனுக்கும் சிரிப்பு வந்து, குடைத் தண்ணீர் முழுவதும் கிரீடத்தில் கொட்டியது. ஈரத்தோடு ஈரமாகக் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார். வருஷாவருஷம் மதகை முதலில் திறக்கிற மரியாதை இனி அவன் வீட்டுக்குத்தான் என்றும் சொன்னார். கூத்தன் அப்போதே போய் மதகைத் தூக்கினான். மூன்று வருஷமாகத் தண்ணீரைக் காணாத வாய்க்காலில் அது இரைந்துகொண்டு இறங்க, வயல்காரர்கள் வரப்புகளில் கூடவே ஓடினார்கள். தான் கொட்டிய மண்ணின் மேல் தனியாக நின்ற வில்வராயரும், வேறு வழி தோன்றாமல், கொஞ்சம் சிரித்துவைத்தார்.