மேட்டுக்கு அந்தப்புறம் நடந்த பந்தயம்

கரிச்சான் குருவிக்குக் கோபம் வந்தால் வால் இரண்டாகப் பிளந்து நிற்கும். கோபம் வராதபோதும் அப்படித்தான் நிற்கும். அதனால் அவன் எப்போது கோபமாக இருக்கிறான் என்று காட்டில் யாருக்கும் தெரியாது. அந்தக் கோடையில் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

ஆள் உள்ளங்கை அளவுதான். ஆனால் தொண்டைக்குள் ஒரு காடே குடியிருந்தது. குரங்கைப் போல இருமுவான். பன்றியைப் போலக் குறட்டை விடுவான். வல்லூறைப் போல ஒரு கூப்பாடு போட்டால் மற்றப் பறவைகள் தின்றுகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பறக்கும். இவன் போய் நிதானமாகத் தின்பான்.

அவன் சவாரி செய்வது காட்டெருமையின் முதுகில். எருமையை மாமா என்றுதான் கூப்பிடுவான். எருமையின் மனைவி அவனுக்கு அக்கா. அந்த வருஷம்தான் அவர்களுக்கு ஒரு கன்று பிறந்திருந்தது.

கோடை வந்தால் அந்தக் காட்டில் ஒரே ஒரு குட்டைதான். சண்டை வராமலிருக்க முறை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கரையில் ஒரு கல். கல் இருக்கும் வரிசைப்படி தண்ணீர். உன் முறை வந்தால் வயிறு முட்டக் குடி, அடுத்தவன் தள்ளி நிற்பான். கல் யாரிடமோ, முறை அவருடையது. நாக்கு வறண்டு செத்தாலும் அடுத்தவர் கல்லை யாரும் தொடமாட்டார்கள்.

நரி வரும்வரை.

நரி எந்தக் காட்டிலிருந்து வந்தான், அங்கிருந்து ஏன் கிளம்பினான் என்று யாரும் கேட்கவில்லை. வந்த கையோடு நாவல் மரத்தடியில் ஒரு பந்தல் போட்டான். சிலந்தி வலைகளில் மின்மினிகளை மாட்டித் தோரணம் கட்டினான். புளித்த இலுப்பைப்பூவைக் குவித்து வைத்து, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், காசா பணமா என்றான். இலுப்பைப்பூ தின்ற தலை லேசாகக் கிறுகிறுக்கும். கிறுகிறுக்கிற தலைகளைப் பார்த்து, "சும்மா ஒரு பந்தயம் வெச்சுப் பாருங்களேன், மாப்பிள்ளைங்களா" என்றான்.

சாணி உருட்டும் வண்டுகளின் ஓட்டப் பந்தயம். இடிமுழக்கம், மின்வெட்டு, பட்டத்தான் என்று வண்டுகளுக்குப் பெயர் வேறு. எந்த வண்டு உருண்டையை முதலில் கொண்டு சேர்க்கும் என்று சொல்ல வேண்டும். பந்தயமாக வைக்க வேண்டியது கரையில் இருக்கும் கல்.

முதல் நாள் வந்தவர்களில் பலர் ஜெயித்தார்கள். காட்டெருமை பட்டத்தான் மேல் கல்லை வைத்து, தன் முறையோடு குரங்கின் முறையையும் ஜெயித்தான். கன்றை இரண்டு தடவை குளிப்பாட்டினான். அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது.

"வண்டு உருட்டுறது யார் சாணியை? என் சாணியை. அது ஓடுமா ஓடாதான்னு எனக்குத் தெரியாம வேற எவனுக்குத் தெரியும்?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

கொஞ்ச நாளில், கூட்டத்தின் காலடியில் வண்டுகள் நசுங்குகின்றன என்று வருத்தப்பட்டு, நரி பந்தயத்தை மேட்டுக்கு அந்தப்புறம் மாற்றினான். மேட்டின் உச்சியில் ஒரு பட்ட மரம். அதில் மைனா உட்கார்ந்து, அந்தப்புறம் பார்த்து நடப்பதைச் சொல்வாள். இந்தப்புறம் நிழலில் படுத்து இலுப்பைப்பூ தின்றுகொண்டே கேட்கலாம். எல்லோரும் நரியின் நல்ல மனதை மெச்சினார்கள்.

அதற்குப் பிறகு யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் யாரும் மோசமாகத் தோற்கவும் இல்லை. மயிரிழையில் தோற்றார்கள். மைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு, பட்டத்தான் வருகிறான், முந்துகிறான், இதோ கோட்டருகே, ஐயோ ஒரு மீசை அளவில் போயிற்றே என்பாள். காட்டெருமை நெற்றியில் அடித்துக்கொண்டு, நாளைக்கு நிச்சயம் என்பான். மறுநாள் மறுபடி ஒரு மீசை அளவு.

ஒரு நாள் முறை போயிற்று. அப்புறம் ஒரு வார முறை. அப்புறம் கோடை முழுக்க. பன்றியின் கல், முயலின் கல், முள்ளம்பன்றியின் கல் எல்லாம் நரியின் பந்தலுக்குப் பின்னால் குவிந்தன. இப்போது குட்டையில் வாய் வைக்க வேண்டுமென்றால் நரியைக் கேட்க வேண்டும். தோண்டிய கிழங்கில் பாதி கொடுத்தால் பன்றிக்கு ஒரு வாய். காட்டெருமையிடம் கொடுக்க என்ன இருக்கிறது? புல்லை நரி தின்னமாட்டான்.

ஒரு நாள் கரிச்சான் வந்து பார்த்தபோது கன்று எழுந்திருக்கவில்லை. நாக்கு வெளியே கிடந்தது. ஈயைக்கூட ஓட்டாமல் படுத்திருந்தது. அக்காவுக்குப் பால் வற்றிவிட்டது.

"உன் மாமா கல்லையாடா பந்தயத்துல வெச்சான்?" என்றாள் அவள். "இந்தப் பிள்ளையோட நாக்கைக் கொண்டுபோய் வெச்சான்."

கரிச்சான் நேராக நரியிடம் போனான். கன்றுக்கு ஒரு வாய் தண்ணீர் விடச் சொல்லிக் கேட்டான். நரி கோபப்படவே இல்லை.

"தம்பி, நான் யாரையாவது கையைப் பிடிச்சு இழுத்தேனா? அவங்களா வந்தாங்க, அவங்களா வெச்சாங்க. அளவோட ஆடுங்க, குடும்பத்தை நினைச்சு ஆடுங்கன்னு பலகைகூட எழுதி மாட்டியிருக்கேன், பாரு."

பலகை இருந்தது, உண்மைதான். அந்தக் காட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நரி ஒருவன்தான்.

கரிச்சான் மாமாவைத் தேடிப் போனான். மாமா பந்தலுக்குப் போகும் வழியில் நடந்துகொண்டிருந்தான். முதுகில் உட்கார்ந்து நாலு வசவு விடலாம் என்று வந்தவன், கீழே பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். வழி நெடுகச் சாணி. அன்றையது, நேற்றையது, அதற்கும் முந்தையது. காய்ந்து, வெடித்து, போட்டது போட்டபடி கிடந்தது. ஒரு வண்டுகூட ஒரு கடுகளவு கிள்ளிக்கொண்டு போகவில்லை.

தினமும் பந்தயம் நடக்கிறதாமே, வண்டுகள் எதைத்தான் உருட்டுகின்றன?

கரிச்சான் மேட்டைத் தாண்டிப் பறந்தான்.

அந்தப்புறம் ஒன்றுமே இல்லை. ஓடுகளம் இருந்த இடத்தில் நெருஞ்சி மண்டியிருந்தது. வண்டுகளை அடைத்திருந்த மரப்பொந்தில் வெறும் ஓடுகள். இடிமுழக்கம் செத்திருந்தான். மின்வெட்டு செத்திருந்தான். கொம்பு ஒரு பக்கம் உடைந்த பட்டத்தானின் ஓட்டுக்குள் எறும்புகள் புற்று கட்டத் தொடங்கியிருந்தன. சோறு தண்ணீர் வைக்க ஆள் இல்லாமல் அடைத்த இடத்திலேயே எல்லாம் காய்ந்துபோயிருந்தன.

பட்ட மரத்தில் மைனா ஓரக்கண்ணால் பந்தல் பக்கம் பார்த்தபடி கத்திக்கொண்டிருந்தாள். நரியின் வால் வலப்பக்கம் சாய்ந்தால் இடிமுழக்கம் ஜெயித்தான், இடப்பக்கம் சாய்ந்தால் மின்வெட்டு, நிமிர்ந்து நின்றால் பட்டத்தான். எதன்மேல் யாருமே பந்தயம் கட்டவில்லையோ அந்தப் பக்கம் வால் சாயும். கரிச்சான் கேட்டதற்கு, தனக்கும் கூட்டில் குஞ்சுகள் இருக்கின்றன, கத்தினால்தான் தண்ணீர் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரிச்சான் திரும்பிப் போய்ப் பந்தலில் எல்லோரிடமும் சொன்னான். யாரும் நம்பவில்லை. பந்தயம் நடக்காமலா இவ்வளவு விவரமாகக் கேட்கிறது என்றான் முயல். குரலை வைத்து ஊரை ஏமாற்றுவது உன் தொழிலாச்சே என்று குரங்கு இளித்தான். நேரில் வந்து பாருங்கள் என்றால், அடுத்த பந்தயம் தொடங்கப்போகும் நேரத்தில் மேடு ஏற யாருக்கும் கால் வரவில்லை.

காட்டெருமைதான் மோசம். "தோத்தது என் நேரம்டா. வண்டைச் சொல்லாதே. நேத்துகூட ஒரு மீசை அளவுதான். இன்னிக்கு விடமாட்டேன்."

"வைக்கறதுக்கு உங்கிட்ட என்ன மாமா இருக்கு?"

அதற்கு நரி சொன்னான். கல் இல்லாவிட்டால் என்ன, கன்று இருக்கிறதே. ஜெயித்தால் எல்லாக் கல்லும் எருமைக்கு. தோற்றால் கன்று நரியின் பொறுப்பில் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொள்வான்.

சொல்லிவிட்டு நரி உதட்டை நக்கிக்கொண்டான். பந்தலே பார்த்தது. காட்டெருமையும் பார்த்தான். பார்த்துவிட்டு, "பட்டத்தான் மேல" என்றான்.

கன்றுக்குத் தண்ணீர் வாங்கப் போனவன் கன்றையே வைத்துவிட்டான்.

சாணிக்குச் சொந்தக்காரனே இவ்வளவு துணிந்து வைக்கிறானே, உள்விஷயம் தெரிந்திருக்கும் என்று மற்றவர்களும் மிச்சமிருந்ததைப் பட்டத்தான் மேலேயே வைத்தார்கள். நரிக்கு வாய் காதுவரை போயிற்று. பாறைமேல் ஏறி நின்று வாலை இடப்பக்கம் சாய்த்தான்.

கரிச்சான் அங்கே இல்லை. பட்ட மரத்துக்குப் பின்னாலிருந்து வல்லூறின் கூப்பாடு ஒன்று கிளம்பியது. மைனா திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தாள். அடுத்த நொடி அதே கிளையிலிருந்து மைனாவின் குரல், மைனாவின் மூச்சு, மைனாவின் அதே ஐயோக்களோடு கேட்டது. மின்வெட்டு முன்னால் போகிறான் என்றது. பட்டத்தான் பின்தங்கிவிட்டான் என்றது. நரி கன்று படுத்திருந்த திசையைப் பார்த்தான்.

"இருங்க, இருங்க! பட்டத்தான் உருண்டையைப் புரட்டிட்டான். வர்றான். பறக்கிறான். மின்வெட்டு திரும்பிப் பார்க்கிறான், பார்த்தா எப்படி? பட்டத்தான் ஜெயிச்சாச்சு! ஒரு மீசை அளவுல!"

பந்தல் அதிர்ந்தது. காட்டெருமை அழுதான். எல்லோரும் கற்குவியலை நோக்கிப் பாய்ந்தார்கள். நரி குறுக்கே பாய்ந்து கத்தினான்.

"பொய்! அவன் எப்படி ஜெயிப்பான்? அவன் செத்து எறும்பு தின்னு எத்தனை நாளாச்சு!"

பாய்ந்த கால்களெல்லாம் அப்படியே நின்றன. ஒரு மின்மினி மட்டும் வலையில் படபடத்தது. முள்ளம்பன்றி எப்போதும் மெதுவாக யோசிப்பவன். அவன்தான் கேட்டான்.

"அப்போ நேத்து ஒரு மீசை அளவுல தோத்தது யாரு?"

நரி அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். முள்ளம்பன்றியின் முள்ளில் நாலைந்து அவன் பின்புறத்தில் ஆடிக்கொண்டே போயின.

அன்று எல்லோரும் மேடு ஏறி நெருஞ்சியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு இறங்கி வந்து பந்தலை மிதித்தார்கள், பலகையை உடைத்தார்கள், மின்மினிகளை அவிழ்த்துவிட்டார்கள். அக்கா யாரையும் எதிர்பார்க்காமல் தன் கல்லைத் தானே உருட்டிக்கொண்டு போய்க் கரையில் வைத்தாள். கன்றைத் தள்ளித் தள்ளித் தண்ணீரில் நிறுத்தினாள். அது முதலில் இருமியது, அப்புறம் குடித்தது. காட்டெருமை பின்னாலேயே வந்து குட்டையில் தலையைத் தாழ்த்தினான். அவள் கொம்பைக் குறுக்கே நீட்டினாள்.

"நீ கடைசி. இனி எப்பவும் கடைசி. கல்லு எங்கிட்ட இருக்கும்."

அவன் தள்ளிப் போய் நின்றான். கரிச்சான் அன்றைக்கு அவன் முதுகில் உட்காரவில்லை.

முயல்தான் மெதுவாகக் குதித்து வந்து கரிச்சானின் கிளைக்குக் கீழே நின்றான். பட்டத்தான் ஜெயித்ததாகத்தானே காட்டுக்கே கேட்டது, அப்படியானால் தனக்கு வரவேண்டிய முறையை யார் தருவார்கள் என்று கேட்டான். கரிச்சான் இறங்கி வந்து அவன் தலையில் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தினான். இந்த முறை வாலைப் பார்க்காமலே எல்லோருக்கும் அவன் கோபம் புரிந்தது.

தூரத்தில், அடுத்த காட்டின் ஓரத்தில், யாரோ மின்மினிகளைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சூதுப் பந்தலில் ஜெயிப்பவன் பந்தல் போட்டவன் ஒருவனே. வீட்டுத் தண்ணீரை அங்கே கொண்டுபோய் வைப்பவன், வண்டு ஓடும் முன்பே தோற்றுவிட்டான்.