மின்னல் ஞானதுரையின் ஐந்து வருஷ ஒப்பந்தம்

நெடுங்குளம் வெள்ளிச்சிறகு கபடிக் குழுவுக்கு மூன்று வருஷமாக ஒரே ராசி. எந்த ஊர்ப் போட்டிக்குப் போனாலும் முதல் ரவுண்டிலேயே தோற்றுவிட்டு, போட்டி நடத்துகிறவர்கள் போடும் மதியச் சாப்பாட்டை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டு வேன் ஏறிவிடுவார்கள். சாப்பாட்டில் மட்டும் அவர்களை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

அந்த வட்டாரத்துப் போட்டிகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏழு பேரில் ஆறு பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும். ஒரே ஒரு ஆளை வெளியூரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு இடத்துக்குத்தான் இப்போது இரண்டு பேர். ஒருவன் ஆலங்குளத்து விமல், வயது இருபத்திரண்டு. ரெய்டு போனால் வெறுங்கையோடு திரும்பிப் பழக்கமில்லாதவன். சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு டீமுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தான். இன்னொருவர் ‘மின்னல்’ ஞானதுரை, வயது நாற்பத்துநான்கு. அவரைக் கேட்டால் முப்பத்தாறு என்பார். எட்டு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்பது ஐந்து வருஷ ஒப்பந்தம், அதுவும் பத்திரத்தில்.

செயலாளர் அருளப்பன் சாருக்கு விமல்தான் வேண்டும். வாரநாளில் பி.டி. மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமையில் கபடி நடுவர். விதிப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர். விமலைச் சம்மதிக்க வைக்க மூன்று முறை ஆலங்குளத்துக்கு பஸ் ஏறியிருக்கிறார். இந்த வருஷமும் சாப்பாட்டோடு திரும்பினால், ஆடுகிற பையன்கள் ஆறு பேரும் கபடியைத் தலைமுழுகிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் தலைவர் தவசிக்கனி மனசு வேறு பக்கம் இருந்தது. பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். கூட்டமும் அவருடைய குடோனில்தான். ஒன்பதாம் வகுப்பில் ஞானதுரையின் ஆட்டத்தை வேலி ஏறிப் பார்த்தவர், அதன்பிறகு இன்னொரு ஆட்டக்காரன் பிறந்ததாகவே ஒத்துக்கொள்ளவில்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். எந்த வயதில் வாயைப் பிளந்து பார்த்தோமோ, அந்த வயதோடு நம் கண் நின்றுவிடுகிறது. ஆட்டக்காரனுக்கு மட்டும் பாவம், வயது ஏறிக்கொண்டே போகிறது.

ஞானதுரை நாற்காலியில் உட்காரவில்லை. நடுக் குடோனில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

“போன மாசம் சாத்தான்குளத்துல ஏழு பேரும் சேந்து என்னை அமுக்கிட்டானுவ. நான் ஓடல, பாத்துக்கிடுங்க. சாவகாசமா நடந்தேன். ஏழு பேரயும் தூக்கிட்டு நடுக்கோட்டத் தொட்டுட்டு எண்ணிப் பாக்கேன், எட்டுப் பேரு தொங்குதான். எட்டாவது ஆளு யாரு? அம்பயரு!”

“போன மாசம் சாத்தான்குளத்துல மழையில போட்டியே நடக்கலியே” என்றார் கமிட்டி உறுப்பினர் சுயம்பு. பழக்கடை வைத்திருப்பவர். எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்.

“எனக்காவ ஒரு நாள் முன்னாலயே நடத்துனாங்கவே. ஒமக்குத் தாக்கல் வரலயாக்கும்?”

தவசிக்கனி பூரித்துப்போய்ப் பத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அருளப்பன் தொண்டையைச் செருமினார்.

“அதெல்லாம் சரி அண்ணாச்சி. முட்டி எப்படி இருக்கு?”

“நல்லா கேட்டிய சார்வா! எக்ஸ்ரே எடுத்த டாக்டரு பயந்துட்டாரு. ‘ஓய், இந்த முட்டிக்குப் பதினெட்டு வயசுதான் ஆவுது, ஒமக்கு என்ன வயசு’ன்னாரு. ‘மத்த ஒடம்புக்கு முப்பத்தாறு’ன்னேன். என் விசயம் அப்படி. எனக்கு ஒரு வயசு ஏறிச்சின்னா முட்டிக்கு ஒரு வயசு எறங்கும். அஞ்சு வருசம் போட்டு வைங்க, கடைசி வருசத்துல பதிமூணு வயசு முட்டி ஒங்க டீமுக்கு!”

“பத்து வருசம் போட்டா முட்டிய மூணாங்கிளாசுல சேக்கணுமே” என்றார் சுயம்பு.

தவசிக்கனி அவரை முறைத்துவிட்டுப் பேனாவின் மூடியைத் திறந்தார். அருளப்பன் பதறிப்போய்க் கடைசியாக ஒன்று கேட்டார்.

“முட்டி கிடக்கட்டும் அண்ணாச்சி, மூச்சு? ரெய்டுல ஒரே மூச்சுல பாடணும். மூச்ச விட்டா அவுட்டு.”

ஞானதுரை சிரித்தார். இதற்காகவே காத்திருந்த சிரிப்பு அது.

“மூச்சா? பதினேழு வருசத்துக்கு முந்தி, நான் பனைவிளை டீமுக்கு ஆடுத காலம். செகண்டு கணக்கெல்லாம் அப்ப கெடையாது. கபடி கபடின்னு உள்ள போனேன். ஏழு பேரும் மூலையில ஒதுங்கிட்டானுவ, கிட்ட வரமாட்டங்கான். நானும் விடல. டீ வந்துச்சு, ஆளுக்கொரு வடை தின்னானுவ. மழை வந்துச்சு, விட்டுச்சு. பாத்துக்கிட்டு நின்ன ஒருத்தன் சிங்கப்பூருக்குப் போயி, சம்பாரிச்சு, லீவுல வந்து எட்டிப் பாத்தான். நான் பாடிக்கிட்டேதான் நிக்கேன்!”

“மூத்திரம் கீத்திரம்?” என்றார் சுயம்பு.

“மரியாதையான ஆளு மூத்திரத்தப் பத்திப் பேசுவானாவே? கேளும். அப்பத்தான் தாக்கல் வருது, வீட்டுல அவளுக்கு வலி கண்டுட்டுன்னு. மூச்ச விட்டா அவுட்டு, விடாட்டி பிள்ள மொகத்தப் பாக்க முடியாது. என்ன செஞ்சேன்? பாடிக்கிட்டே பஸ் ஏறிட்டேன்! கண்டக்டர் எங்க போணும்னாரு. கபடி கபடின்னேன். அவரா புரிஞ்சிக்கிட்டு ஆசுபத்திரி வாசல்ல எறக்கிவிட்டாரு. நர்சம்மா பிள்ளையக் கையில குடுத்து, என்ன பேரு வைக்கன்னு கேட்டுச்சு. கபடி கபடி கபடின்னேன். அப்படியே எழுதிட்டாங்க. எம்மவ சர்ட்டிபிகேட்டுல இன்னைக்கும் பேரு கபடிதான்.”

“மூணு கபடியும் பேரா?”

“ஒண்ணு பேரு, ரெண்டு இனிசியலு. பிள்ளைய ஒரு முத்தம் குடுத்துட்டு, பாடிக்கிட்டே திரும்பி வந்து, ஒருத்தனத் தொட்டுட்டு என் பக்கம் வந்தேன். எல்லாம் ஒரே மூச்சு!”

தவசிக்கனிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பத்திரத்தில் ‘ஞா’ என்று எழுதியும்விட்டார்.

ஞானதுரை அருளப்பன் பக்கம் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார்: “சார்வா, அந்தப் பய ரெண்டு வருசத்துல வேற எடத்துக்குப் போயிருவான். நான் எங்கயும் போவமாட்டேன். என்னை எவனும் கூப்பிட மாட்டான்.”

அன்று மத்தியானம் முழுவதும் அந்த மனிதர் சொன்ன ஒரே நிஜம் அதுதான். அருளப்பனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஒரு நிமிஷம், கையெழுத்துப் போட்டால்தான் என்ன என்றுகூடத் தோன்றியது. பிறகு வேனின் பின்சீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஊர் திரும்புகிற அந்த ஆறு பையன்களும் நினைவுக்கு வந்தார்கள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு நடுவர் குரலுக்கு மாறினார்.

“அண்ணாச்சி, மூச்சு விடலைங்கிறத ஒத்துக்கிடுதேன். பஸ் ஏறுறதுக்குக் களத்த விட்டு வெளிய போனியளா, இல்லியா?”

“போவாம? பஸ் களத்துக்குள்ளயா வரும்?”

“எல்லைக்கோட்டத் தாண்டுன ரெய்டர் அவுட்டு. அப்ப நீங்க பதினேழு வருசமா அவுட்டுல இருக்கிய. அதுக்கப்புறம் ஆடுனதும் செல்லாது, தொட்டதும் செல்லாது. அவுட்டான ஆளு வெளிய உக்காரணும்.”

தவசிக்கனியின் பேனா ‘ஞா’வுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. சுயம்பு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஞானதுரை மெதுவாக அதில் உட்கார்ந்தார். ஆனால் அவர் மடங்கிப்போகிற ஆளா? கொஞ்ச நேரத்தில் முகம் மறுபடி மலர்ந்துவிட்டது.

“அப்போ அந்தப் பயலயே எடுங்க சார்வா! நானே சொல்லுதேன், எடுங்க. அவன் போயி ஒருத்தனத் தொட்டான்னா, நம்ம பக்கம் அவுட்டான ஆளு ஒருத்தன் உள்ள வரணும்லா? நான் ஜம்முனு உள்ள வந்துருவேன். அதுவும் விதிதான?”

தவசிக்கனி துள்ளி எழுந்து கைதட்டினார்.

“விதிதான். தாராளமா வரலாம்” என்றார் அருளப்பன், செல்போனில் விமலின் நம்பரைத் தேடிக்கொண்டே. “ஆனா ஒங்கள உள்ள எடுக்கணும்னா பாயிண்டு எடுக்க வேண்டியது நீங்க அவுட்டான பனைவிளை டீமு. அதக் கலைச்சு எட்டு வருசமாச்சு அண்ணாச்சி.”