வெள்ளைப் பெட்டியின் நிழல்

குரு என்றால் நரைத்த தாடி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமா என்ன? பேராசிரியை மெட்டில்டாவுக்குத் தலையில் ஒரு வெள்ளை முடி கிடையாது. அவரிடம் படிக்க வந்த குழந்தைவேலுவுக்குத்தான் மீசை முழுக்க வெளுத்திருந்தது.

குழந்தைவேலு ஒரு மேம்பாலக் கட்டுமானத்தில் பாதுகாப்பு அதிகாரி. ஞாயிறுதோறும் பல்கலைக்கழகத்துக்கு வந்து பயன்பாட்டுக் காலநிலையியல் படித்தார். காற்றையும் மழையையும் வெயிலையும் பற்றித் தெரிந்ததை மனிதர்களின் வேலைக்கும் வீட்டுக்கும் உதவுகிற மாதிரி செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் படிப்பு அது. பேரன் எடுக்கிற வயதில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி முடிவதற்குள் முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொல்லிவிடுவார்.

படித்தது வீண்போகக் கூடாது என்று வேலையிடத்தில் ஒரு விதியும் கொண்டுவந்திருந்தார். வெப்பம் நாற்பது டிகிரியைத் தொட்டால் வெளிவேலையை நிறுத்திவிட வேண்டும். நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய விதி. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அந்த ஞாயிறு மட்டும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றார் மெட்டில்டா.

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம். எங்க சைட்டுல பச்சையம்மான்னு ஒரு சித்தாள். வியாழக்கிழமை மத்தியானம் ஜல்லி சுமந்துக்கிட்டு இருந்தப்ப சுருண்டு விழுந்திருச்சு. இன்னும் கண்ணு முழிக்கல."

"வெயிலா?"

"டாக்டர் வெயில்தான்னு சொல்றாரு. மேனேஜர் இல்லவே இல்லேங்கிறாரு. அன்னிக்கு முப்பத்தெட்டுதான். உங்க விதிப்படியே வேலையை நிறுத்த வேண்டியதில்லையே, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னு கேக்குறாரு. அன்னியிலேருந்து மத்தியான வேலையை நான் நிறுத்தி வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டா, நாளைக்கு மத்தியானமே எல்லாரையும் வெயில்ல இறக்கிருவாங்க."

அவருக்குப் பயம் ஒரு பக்கம், தான் போட்ட விதியே தன் கழுத்தைச் சுற்றுகிறதே என்ற வேதனை ஒரு பக்கம்.

"கருவி பொய் சொல்லுமா மேடம்?"

மெட்டில்டா மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டார். "வாங்க சார்."

கட்டடத்துக்குப் பின்னால் வானிலை நிலையம். புல்தரை நடுவே நான்கு கால்களில் ஒரு வெள்ளை மரப்பெட்டி நின்றது. ஜன்னலில் அடிப்பார்களே, அந்த மாதிரி சாய்வான சட்டங்கள் நாலு பக்கமும். வெப்பமானி அதற்குள்தான் இருக்கும். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

மெட்டில்டா பெட்டியைத் திறந்தார். "வெப்பமானியை எடுத்து அந்த சிமென்ட் தரையில வைங்க."

குழந்தைவேலு பதறிப்போனார். "ஐயையோ, அதை வெயில்ல வைக்கக் கூடாது மேடம்! நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"சரி, வேணாம். பெட்டிக்கு எதுக்குக் கால்?"

"தரைச்சூடு ஏறாம இருக்க."

"சட்டத்துக்கு நடுவுல எதுக்கு இடைவெளி?"

"காத்து வந்து போக."

"வெள்ளை பெயின்ட்?"

"வெயிலை உள்ள வாங்காது."

"கீழ புல்லு?"

கேள்வி என்று வந்துவிட்டால் அவருக்குத் துக்கம்கூட இரண்டாம் பட்சம்தான். குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது. "வெறுந்தரையா இருந்தா அனல் அடிக்கும் மேடம். எங்க சைட்டுப் பெட்டிக்கும் ஒரு குறை வைக்கல. அந்தப் பொட்டல்ல பெட்டியைச் சுத்தி மட்டும் புல்லு வளர்த்திருக்கேன். தினமும் தண்ணி ஊத்தச் சொல்லி உத்தரவு. சுத்தி வேலி. ஆளுங்க ஒட்டி உக்காந்தா காத்து மறைஞ்சு அளவு கெட்டுரும் பாருங்க."

"உக்கார வருவாங்களா?"

"சோத்து நேரத்துல வருவாங்க. பெட்டி நிழல் கொஞ்சம் விழும்ல. போன வாரம்கூடப் பச்சையம்மா தூக்குவாளியோட வேலியைத் தாண்டி வந்து உக்காந்திருந்துச்சு. நான்தான் எழுப்பி..."

குழந்தைவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டு மீசையைத் தடவினார்.

மெட்டில்டா பெட்டியின் கதவை அகலத் திறந்து பிடித்தார். பிறகு சொன்னார். "கையை உள்ள விட்டுப் பாருங்க சார்."

விட்டார்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்ல மேடம். காத்து வருது."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நாள் பூரா வெச்சிருக்கலாம்."

சொல்லும்போதே அவருக்குப் பிடரி எரிந்தது. வேர்வை சட்டைக் காலருக்குள் இறங்கியது. கையை வெளியே எடுக்காமலே கேட்டார்.

"அப்போ அந்த முப்பத்தெட்டு? அது உண்மைதான்னு நான் கையெழுத்துப் போடலாமா?"

"உண்மைதான் சார்," என்றார் மெட்டில்டா. "இந்தப் பெட்டிக்குள்ள ஜல்லி சுமக்கிறவங்களுக்கு."