பதில் சொன்ன மாப்பிள்ளை

வேப்பங்குழி நகராட்சி அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் தனித்தனி அலமாரி உண்டு. மூளைக்கு மட்டும் இன்னும் ஒதுக்கவில்லை.

அங்கே சூப்பிரண்டு தெய்வசிகாமணி. ஊருக்கே ஒரு கல்யாண மண்டபம்தான். அதன் முன்பதிவு அவர் பொறுப்பு. போன ஆவணியில் பதிவு விவரங்கள் இருந்த சர்வர் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. யாருக்கு எந்த முகூர்த்தம் என்று தெரியாமல் ஊரே வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியது. இந்த ஆவணியில் அவர் மகள் பூங்கோதைக்கே கல்யாணம். மறுபடி படுத்தால் மகள் கல்யாணம் நடுத்தெருவில்தான் என்று பயந்துபோய், மேலிடத்தில் கெஞ்சி இரண்டாவது சர்வர் வாங்கிவிட்டார்.

அதைப் பொருத்த சென்னையிலிருந்து இன்ஜினியர் ரெஹானா வந்தார்.

"சுலபம் சார். ரெண்டு சர்வருக்கும் பொதுவா ஒரே சேமிப்புப் பெட்டி. முதல் சர்வர் வேலை செய்யும். ரெண்டாவது காத்திருந்து, 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பதில் வரலைன்னா, முதல் சர்வரோட கரண்ட்டைக் கட் பண்ணிட்டு இது பொறுப்பை எடுத்துக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல எழுதினா எல்லாம் குழம்பிடும். பொறுப்பு மாறிட்டா, புதுசா ஏத்துக்கிட்டது பதில் சொல்லாம போனாத்தான் திரும்ப மாத்தணும். ரெண்டையும் இணைக்க இன்னும் ஒரு கேபிள் வரணும். அதுவரைக்கும் ஆள் வச்சுப் பாத்துக்கங்க."

சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்திருந்தால் ஏறியிருக்க மாட்டார்.

ஆள் வைத்தார்கள். முதல் சர்வர் பக்கத்தில் கிளார்க் அருமைநாதன். அடுத்த அறையில், இரண்டாவது சர்வர் பக்கத்தில் கிளார்க் பிச்சாண்டி.

"இருக்கியாண்ணே?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"இருக்கேன்டா" என்று சர்வர் சார்பில் அருமைநாதன் பதில் கொடுப்பார்.

காலை முழுக்க உயர்ந்த தொழில்நுட்பம் இப்படியே ஓடியது. மதியம் அருமைநாதன் புளிசாதத்தைத் திறந்தார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை.

"இருக்கியாண்ணே?"

பதில் இல்லை.

"சார், முதல் சர்வர் போயிருச்சு!" என்று பிச்சாண்டி அலறினார். "கரண்ட்டைக் கட் பண்ணுங்க!"

தெய்வசிகாமணி அதிர்ந்துபோனார். "எப்படிய்யா? நோட்டீஸ் ஒட்டாம நம்ம ஆபீஸ்ல ஒரு குழாய் இணைப்பையாவது துண்டிச்சிருக்கோமா?"

"அதானே சார். நாளைக்கு சர்வர் கோர்ட்டுக்குப் போச்சுன்னா?"

நியாயமான கவலை. 'ஒரு வாரத்துக்குள் பதில் அளிக்கத் தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று தட்டச்சு செய்து சர்வரின் நெற்றியில் ஒட்டினார்கள். ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தவர் அருமைநாதன்தான், வாயில் புளிசாதத்தோடு.

இதற்குள் இரண்டாவது சர்வரும் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட, அந்த ஒரு வார அவகாசத்தில் இரண்டும் ஒரே பெட்டியில் எழுதித் தள்ளின. முதல் சர்வரின் கவுண்டரில் தெய்வசிகாமணி மகள் கல்யாணத்தைப் பதிந்து பெருமையோடு ரசீது வாங்கினார். இரண்டாவதன் கவுண்டரில் ரைஸ்மில் சடையப்பன், அதே முகூர்த்தத்துக்குத் தன் மகன் கல்யாணத்தைப் பதிந்து ரசீது வாங்கினார்.

கல்யாணத்தன்று ஒரே வாசலில் இரண்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். சடையப்பன் துண்டை உதறினார். தெய்வசிகாமணிக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் இன்ஜினியர் சொன்னது நினைவுக்கு வந்ததும் முகம் தெளிந்தது.

"ஒண்ணு நடக்கட்டும், இன்னொண்ணு காத்திருக்கட்டும். என் பொண்ணு கல்யாணம் முடிஞ்ச கையோட உங்களுக்குத்தான் மேடை."

சடையப்பன் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ரைஸ்மில் மாப்பிள்ளையை மேடையோரம் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் பிச்சாண்டி.

"இருக்கீங்களா மாப்ளே?"

"இருக்கேன்" என்றார் மணையில் இருந்த பூங்கோதையின் மாப்பிள்ளை, ஏதோ ஊர் வழக்கம் என்று நினைத்து.

தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. பிச்சாண்டி கடமை தவறாமல் கேட்டார். பதில் மேளத்தில் முங்கிப்போனது.

"சார், மாப்பிள்ளை போயிட்டார்!"

மேளம் நின்றது. பிச்சாண்டி ரைஸ்மில் மாப்பிள்ளையை அப்படியே தூக்கி, பூங்கோதை பக்கத்தில் உட்காரவைத்தார். "யோவ், நான் இருக்கேன்யா!" என்று கத்திய பழைய மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையில் அருமைநாதன் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா! உங்களுக்கு என்ன பைத்தியமா? அவரைக் கூப்பிடுங்கப்பா!" என்று பூங்கோதை அழுதாள்.

"பொறும்மா. பொறுப்பு மாறிப்போச்சு. இவர் பதில் சொல்லாம போனாத்தான் திரும்ப அவருக்கு. முறைப்படி மாத்திடறேன்."

தெய்வசிகாமணி ரைஸ்மில் மாப்பிள்ளையின் காதோரம் குனிந்து கைகூப்பினார். "தம்பி, எம்பொண்ணு வாழ்க்கை உங்க கையில. பிச்சாண்டி என்ன கேட்டாலும் வாயைத் திறந்துடாதீங்க."

தனக்கு நிச்சயமான பெண்ணைப் பறிகொடுக்க விரும்பாத அந்தப் பையனும் வேகமாகத் தலையாட்டினான்.

"இருக்கீங்களா மாப்ளே?" என்றார் பிச்சாண்டி.

பதில் இல்லை. பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிச்சாண்டிக்குச் சந்தேகம். கிட்டே வந்து குனிந்தார். "மாப்ளே, நல்லா யோசிச்சுக்கங்க. கடைசியாக் கேக்கறேன். பதில் சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேங்க" என்றான் பையன்.

பிச்சாண்டி நிமிர்ந்தார். "சார், இருக்கார்!"