பன்னிரண்டு மணித்தடிகளும் ஒரு கண்ணாடியும்

அன்று அரண்மனை மேல்மாடத்தில் இருந்தவர்கள்: ராஜா மகிழ்மாறர், மந்திரி, ராணியம்மாளின் தாதி, கண்ணாடி வித்தகர் விசித்திரராயர், தூதோட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர், விகடன் மருதையன். ஆகப் பதினேழு பேர். காக்கைகளைச் சேர்க்கவில்லை.

ராயர் ஓர் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தியிருந்தார். அதன் ஜோடி, ஊரின் மறுகோடியில் சுங்கச்சாவடியின் மரமாடத்தில், அவருடைய ஆள் சீனுவிடம் இருந்தது. வெயிலைப் பிடித்து இங்கிருந்து பளிச்சென்று அடித்தால் அங்கே தெரியும். எத்தனை வண்டி நிற்கிறது என்று கேட்டால், அவன் அத்தனை முறை பதிலுக்கு மின்ன வேண்டும்.

"நாலு நாள் ஒத்திகையில் ஒன்பது செய்தி விட்டோம், மகாராஜா" என்றார் ராயர். " ஒன்பதும் சேர்ந்தன! கண்ணிமைக்கும் நேரம்தான். இனி இந்தப் பன்னிரண்டு பேருக்கும் இங்கே என்ன வேலை?"

ஓட்டக்காரர் தலைவன் எல்லப்பனுக்கு முகம் வெளிறிவிட்டது. பன்னிரண்டு வீட்டு அடுப்பும் அந்தக் கால்களை நம்பித்தான் எரிந்தன.

மருதையன் அந்த நாலு நாளும் படிக்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றவன். எழுந்து கும்பிட்டான்.

"இன்றைய சோதனை முடியும்வரை காத்திருப்பானேன், மகாராஜா? இப்போதே இவர்கள் கையிலுள்ள தடிகளைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். ஒளி போகிற வழியில் கால்களுக்கு என்ன வேலை?"

"நீயுமா அண்ணே?" என்றான் எல்லப்பன். மருதையன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "ஆனால் ராயரே, உச்சி முரசுக்குள் பதில் வர வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி அந்தப்புரத்துக்குப் போய்விடும்."

நுனியில் சலங்கை கட்டிய பன்னிரண்டு மணித்தடிகள் தரையில் குவிந்தன. அந்த ஊரில் மணித்தடி இல்லாமல் தெருவில் ஓடுகிறவனைத் திருடன் என்று காவலர்கள் பிடித்துவிடுவார்கள். அது பழைய சட்டம்.

ராயர் கண்ணாடியைத் திருப்பினார். நடுவே சமையற்கட்டுப் புகை.

"அடுப்பை அணைக்க வேண்டும்."

"அணையுங்கள்! ஒளிக்கு முன்னால் ராஜாவின் வயிறு எந்த மூலைக்கு?" என்றான் மருதையன். ராஜா முகம் சுளித்தார். அடுப்பு அணைந்தது.

அடுத்து, மாடியில் காய்ந்த ராணியம்மாளின் சேலை. தாதி முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்தாள்.

அடுத்து, சூரியன்மேல் ஒரு மேகம்.

"மேகத்துக்கு ஓலை எழுதட்டுமா, ராயரே? ஆனால் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை" என்றான் மருதையன்.

மேகம் தானாகவே விலகியது. ராயர் பளிச்சென்று அடித்தார். சீனுவும் மின்னத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்துப் பட்டத்து யானை சுங்கச்சாவடி மரமாடத்தில் முதுகு சொறிந்தது. மாடம் ஆடியது. சீனுவின் ஒளி நகர்ந்து மாரியம்மன் கோயில் மதிலில் போய் விழுந்தது. அவன் அங்கேயே விடாமல் மின்னிக்கொண்டிருந்தான்.

"அம்மனுக்கு வண்டிக் கணக்குப் போகிறது போலிருக்கிறது" என்றார் மந்திரி.

"இடப்பக்கம் நாலு விரல் திருப்பினால் போதும்!" ராயர் கையைப் பிசைந்தார்.

"அதை ஒளியாலேயே சொல்லிவிடுங்களேன்" என்றான் மருதையன்.

"அதற்குச் சைகை வைக்கவில்லையே!"

"ஏன் வைக்கவில்லை?"

"எப்போதும் ஆளனுப்பித்தானே…" ராயர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கீழே முற்றத்தில் முரசடிப்பவன் கோலை எடுத்தான். "யாராவது ஓடுங்களேன்!" என்று கத்தினார் ராயர். பன்னிரண்டு பேரும் வெறுங்கையை விரித்துக் காட்டினார்கள்.

ராயர் சுற்றுமுற்றும் பார்த்தார். குவியலிலிருந்து ஒரு தடியை உருவினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி, ஜல் ஜல் என்று ஓடினார்.

"ஒத்திகையிலும் இதே கதைதான், மகாராஜா" என்றான் மருதையன். "ராயர் செய்தியை எண்ணினார். நான் ஓட்டத்தை எண்ணினேன். ஒன்பது செய்திக்கு முப்பத்தொரு ஓட்டம். 'இடப்பக்கம் திருப்பு', 'தெரியவில்லை', 'மறுபடி அடி'. எல்லாம் இவர்கள் கால்தான்."

முரசு ஒலித்தது. பதில் வரவில்லை.

"கண்ணாடியை அந்தப்புரத்துக்குக் கொண்டுபோங்கள். தடிகளை எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே" என்றார் ராஜா.

எல்லோரும் எடுத்தார்கள். எல்லப்பன் மட்டும் வெறுங்கையோடு நின்றான்.

"உன் தடி எங்கே?"

அவனுக்காக மருதையன் பதில் சொன்னான்: "ஒளியோடு போயிருக்கிறது, மகாராஜா. கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். ஒளிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன வேண்டும், கேள்!"

"முதலில் அடுப்பை மூட்டச் சொல்லுங்கள்."

பன்னிரண்டு தடிகளில் பதினொன்று கைக்கு வந்தன. பாக்கி ஒன்று.