ஓடக்காரன் போட்ட வட்டம்

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டார். காலையில் கொடுத்ததற்கு மாலையில் கணக்குக் கேட்கும் குணம் அவருக்கு. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாக்கி வைத்தவன் தரையில் நிற்கும்போது அவனைச் சுற்றி ஒரு வட்டம் கீறிவிட்டால் போதும். பாக்கியைத் தீர்க்காமல் அவன் கோட்டைத் தாண்டக் கூடாது. ஆண்டியானாலும் அரசனானாலும் இதே சட்டம்.

ஒருநாள் பெருவெள்ளத்தில் ராஜாவை அக்கரை சேர்த்தான் சடையன் என்ற ஓடக்காரன். மனம் குளிர்ந்த ராஜா முந்நூறு பொன்னை ஒரே முடிப்பாகக் கொடுத்தார். பதினைந்து நாள் கழித்து, பரிசு வாங்கியவன் எப்படி மினுக்குகிறான் என்று பார்க்கச் சபைக்கு அழைத்தார். சடையன் அதே ஒட்டுப்போட்ட வேட்டியோடு வந்து நின்றான்.

"பட்டு எங்கேடா? கடுக்கன் எங்கே?"

"கடனை அடைச்சுட்டேன், மகாராஜா. பலகை கொடுத்த தச்சருக்கு, கயித்துக்காரருக்கு, ஓட்டை அடைக்கக் குங்கிலியம் கொடுத்த செட்டியாருக்கு. கரையேறினா வட்டம் போட்டுடுவாங்கன்னு மூணு வருசமா ஓடத்துலயே சோறு தின்னு ஓடத்துலயே படுத்தேன். இப்பத்தான் மண்ணுல காலு வச்சு நடக்கறேன்."

சபைப் பிரமுகர் தாண்டவராயருக்கு, ஓர் ஓடக்காரனுக்கு முந்நூறு பொன்னா என்று பதினைந்து நாளாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. "பிரபு, தங்கள் கைப்பொன்னைக் கொண்டுபோய்க் குங்கிலியக் கடையில் கொட்டியிருக்கிறான்! தாங்கள் அளித்த முத்துமாலையை நான் தூங்கும்போதும் கழற்றுவதில்லை. இது ராஜ அவமானம்!" என்றார்.

ராஜாவின் மீசை துடித்தது. "பொழுது சாய்வதற்குள் முந்நூறு பொன்னையும் திருப்பி வை. இல்லாவிட்டால் உன் ஓடம் பறிமுதல்!"

கேட்டீர்களா நியாயத்தை? கடன்பட்டுக் கிடந்தபோது ஏனென்று கேட்க நாதியில்லை. அடைத்த பிறகு கேள்வி கேட்க அரண்மனையே திரண்டு வந்துவிட்டது!

மந்திரி செவ்வந்தியப்பர் மெல்ல எழுந்தார். "கடன் ஏனப்பா வந்தது?"

"கூலி வரல, சாமி."

"யாரிடமிருந்து?"

சடையன் சபையை ஒரு சுற்றுப் பார்த்தான். ஒருவரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

மந்திரிக்குப் புரிந்துவிட்டது. "பிரபு, பரிசின் பெருமையைக் காத்தவர் யார் என்று ஊரே பார்க்கட்டும். சடையனும் தாண்டவராயரும் இங்கிருந்து ஓடத்துறைவரை நடந்து போகட்டும். முதலில் சேர்பவர் சொல்வதே தீர்ப்பு."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "போடு தண்டோரா!" என்றார்.

ராயர் வாயெல்லாம் பல்லாகக் கிளம்பினார். பத்து வருடமாகத் தாம் பல்லக்கை விட்டுத் தெருவில் இறங்கியதே இல்லை என்பது அந்த மிதப்பில் அவருக்கு மறந்துபோயிற்று. பல்லக்கைச் சுற்றி யார் வட்டம் போட முடியும்?

கடைத்தெருவில் வெற்றிலைக்காரி முதல் வட்டத்தைக் கீறினாள். "நாலு வருச வெத்திலைப் பாக்கி, ராயரே!" மோதிரம் போனது. பத்தடி தாண்டியதும் நெய்க்காரர் கீறினார். பட்டு அங்கவஸ்திரம் போனது. அவருடைய பல்லக்குத் தூக்கிகளே எட்டுப் பேராகச் சேர்ந்து பெரிய வட்டமாகப் போட்டார்கள். தூங்கும்போதும் கழற்றாத முத்துமாலை அங்கே கழன்றது.

சடையன் எப்போதோ கைவீசி நடந்து துறையைச் சேர்ந்திருந்தான். யானைமேல் ராஜாவும் வந்துவிட்டார். வெறும் வேட்டியோடு ராயர் வந்து நின்றதும், சடையன் துடுப்பால் மண்ணில் அவரைச் சுற்றிக் கீறினான். "நாப்பத்தோரு தடவை அக்கரை போனீங்க. கூலி கேட்டா அரண்மனை வேலைன்னீங்க. வைங்க!"

ராஜா யானையிலிருந்து குதித்தார். "வெட்கமாக இல்லையா ராயரே? அவன் கூலியை விழுங்கிவிட்டா அவன்மேல் குற்றம் சொன்னீர்? சடையா, தீர்ப்பைச் சொல்!"

சடையன் துடுப்பை இழுத்து ராஜாவைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டான்.

"உங்க குதிரை, வேட்டை நாய், யானைத் தீனி எல்லாத்தையும் மூணு வருசம் ஏத்தி இறக்கினேன், மகாராஜா. ஒரு காசு வரல. பலகை ஒடிஞ்சது அதுல, கடன்பட்டது அதுக்கு. ஐந்நூறு பொன் ஆகுது. நீங்க கொடுத்த முந்நூறு பரிசில்ல, என் கூலி! மீதி இருநூறு."

ராஜா கோட்டைப் பார்த்தார். மந்திரி வானத்தைப் பார்த்தார்.

"இதைத் தாண்டினால் நான் ராஜா இல்லை" என்று வீரகேது உச்சி வெயிலில் அப்படியே நின்றார். பொக்கிஷக்காரர் ஓட்டமாய் ஓடிப் பொன் கொண்டுவந்தார்.

"சடையா, இது கூலி. பரிசு முந்நூறு பொன் நாளைக்குத் தனியாக வரும். அதை என்ன செய்தாய் என்று கேட்டால் என் நாக்கு அழுகட்டும்!"

ராஜா வட்டத்தை விட்டு வெளியே வந்தார். ராயர் மட்டும் தம் வட்டத்துக்குள்ளேயே நின்றார். கழற்றிக் கொடுக்க அவரிடம் இனி ஒன்றும் இல்லை.