கரிச்சானின் இலவசக் காவல்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் சருகுமான் ஒன்று தன் குட்டியோடு இருந்தது. உடம்பு முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பயமோ யானை அளவு. ஆபத்து என்றால் மூச்சுக் காட்டாமல் புதருக்குள் பதுங்கிக்கொள்ளும்.

முன்பெல்லாம் அங்கே சிறுத்தையைப் பார்த்தவர் குரல் கொடுப்பார். கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்வார். ஒரு நாள் கரிச்சான் குருவி வந்தது. எல்லாருடைய குரலிலும் பேசத் தெரிந்த கெட்டிக்காரப் பறவை அது.

“எதற்கு இத்தனை பேர் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள்? நான் பறந்து பார்த்து, அவரவர் பாஷையிலேயே வந்து சொல்கிறேன். கூலி வேண்டாம். எங்கே மேயப் போகிறீர்கள் என்று மட்டும் காலையில் சொல்லிவிட்டுப் போங்கள்.”

“அடடா, என்ன நல்ல மனசு!” என்றது மயில். குரங்கு அன்றே கிளையில் படுத்துக் காலாட்டத் தொடங்கிவிட்டது.

ஒரு மழைக்காலம் போனது. குரல் கொடுக்கும் பழக்கமே எல்லாருக்கும் விட்டுப்போனது. சிறுத்தை மட்டும் கொழுத்தது. கரிச்சானின் எச்சரிக்கை சில நாட்களில் கொஞ்சம் தாமதமாகவே வந்தது. ஒரு முயல் போனது; மயிலின் குஞ்சும் போனது.

போனவர்கள் எல்லாம் கரிச்சானிடம் சொன்ன இடத்திலேயே பிடிபட்டதைச் சருகுமான் கவனித்தது. அடுத்தது தன் குட்டிதானோ? மறுநாள் கரிச்சானிடம், “இன்று ஓடைக்கரை நாவல் மரத்தடியில் மேய்வோம்” என்றது. பிறகு குட்டியை வேறிடத்தில் ஒளித்துவிட்டு, குரங்கையும் மயிலையும் அழைத்துக்கொண்டு எதிர்க்கரைப் புதரில் காத்திருந்தது.

சிறுத்தை நேராக நாவல் மரத்தடிக்கே வந்தது. மேலே கிளையில் கரிச்சான்!

“சருகுமான் இங்கேதான் மேய்வதாகச் சொன்னது. நீ தின்ற மிச்சத்தில் மொய்க்கும் ஈக்கள் எனக்கு. மறந்துவிடாதே” என்றது அது.

திரும்பும் வழியெல்லாம் குரங்கு கொதித்தது. “திருட்டுப் பயல்! இனிமேல் காவல் என் பொறுப்பு. எங்கே மேய்கிறீர்கள் என்று என்னிடம் சொல்லுங்கள்.”

“வேண்டாம் குரங்கண்ணா. நீங்கள் நல்லவர்தான். ஆனாலும் நாங்கள் இருக்கும் இடம் ஒருவருக்கும் தெரிய வேண்டாம். பழையபடி, பார்த்தவர் குரல் கொடுக்கட்டும். கேட்டவர் அடுத்தவருக்குக் கடத்தட்டும்” என்றது சருகுமான்.

“அப்படியென்றால் எல்லாரும் விழித்திருக்க வேண்டுமே!” என்று மயில் முனகியது.

“ஆமாம். இருக்கத்தான் வேண்டும்.”

முதலில் ஒரே கூத்து. பழுப்பு இலை அசைந்ததற்கெல்லாம் மயில் அலறியது. குரங்கு தூங்கி வழிந்தது. சண்டை போட்டார்கள், கூடிப் பேசினார்கள், முறை வைத்துக்கொண்டார்கள். இடம் சொல்ல ஆளில்லாமல் கரிச்சான் வேறு காட்டுக்குப் போய்விட்டது.

ஒரு காலையில் மயில் அகவியது. கேட்ட குரங்கு உரக்கக் கத்தியது. சருகுமான் குட்டியைப் பாறை இடுக்குக்குள் தள்ளியது. தானும் ஓசைப்படாமல் நுழைந்திருக்கலாம். ஆனால் கீழே பள்ளத்தில் மேய்ந்த புள்ளிமான்களுக்குச் செய்தி இன்னும் எட்டவில்லை.

அதற்கு உரத்த குரல் கிடையாது. கால்களால் தரையைப் படபடவென்று தட்டியது. சிறுத்தை திரும்பிப் பார்த்துவிட்டது. சருகுமான் நிறுத்தவில்லை. பள்ளத்தில் மான்கள் ஓடும் ஓசை கேட்ட பிறகுதான் இடுக்குக்குள் பாய்ந்தது.

நீதி: எல்லாருக்குமான காவலை எல்லாரும் சேர்ந்தே செய்ய வேண்டும். இலவசம் என்று ஒருவரிடம் அதை ஒப்படைத்தால், நம்மையும் சேர்த்தே ஒப்படைத்துவிடுகிறோம்.